ஒலிநாடாவின் முதல் கால் மணி நேரம்

இல்லை அக்கா, இன்னும் கொடுக்கவில்லை.

ஒலிநாடாக்கள் அரிசிப் பைக்குப் பின்னால்தான் இருக்கின்றன. நீங்கள் தோளில் மாட்டித் திரிந்த அந்தப் பழுப்புத் துணிப்பைக்குள், நீங்கள் வைத்த அடுக்கிலேயே. இன்று காலை சீரகம் தேடி அலுமாரியைத் திறந்தேன். தைலம் மணந்தது. தலைவலிக்கு நீங்கள் பூசும் தைலம். மூடி இறுகாத போத்தல் ஒன்று பையின் பக்கவாட்டில் கிடந்து இவ்வளவு காலமும் கசிந்திருக்கிறது. சீரகத்தை எடுக்காமலே கதவைச் சாத்தினேன்.

பயந்துபோனேன். நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள் என்று அல்ல. மணம் வெளியே போகும், யாராவது வந்து என்ன அது என்று கேட்பார்கள் என்று. மேல் மாடியில் ஒரு வியட்நாம் குடும்பம். கீழே பிலிப்பைன்ஸ் பெண்கள் இருவர். அவர்கள் என்ன கேட்கப்போகிறார்கள். ஆனாலும்.

உங்கள் ஆய்வுக்கு நிதி தந்த அறக்கட்டளையிலிருந்து நேற்று மறுபடி தொலைபேசி. அதே பிரெஞ்சுக்கார மதாம். மென்மையான குரல். ஒவ்வொரு வாக்கியத்திலும் உங்கள் பெயரைச் சொல்கிறார். பிழையாகத்தான், ஆனால் கவனமாக. உங்கள் ஞாபகமாக ஓர் உதவித்தொகை தொடங்கப்போகிறார்களாம். பயன்பாட்டு மானிடவியல் ஆய்வு செய்யும் ஒரு மாணவருக்கு. முதல் வருடம் எனக்கு. என் பேராசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஒரே ஒரு காரியம்தான் மிச்சம். நீங்கள் பதிவு செய்த ஒலிநாடாக்கள் எல்லாம் மாத முடிவுக்குள் அவர்களுடைய காப்பகத்துக்குப் போகவேண்டும்.

"பெயர்களை நீக்கிவிட்டுத் தாருங்கள்," என்றார் மதாம். "அது போதும்."

அது போதாது என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

*

பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கென்று ஒதுக்கிய அந்த அறை. ஜன்னல் இல்லாத மூலையில் உங்கள் மேசை. நான் வந்த முதல் நாள் குளிர்ச்சட்டையைக் கழற்றுவதற்குள், உங்கள் ஊர் வழக்கப்படி என்னைக் 'கா' என்று விளித்துக் கேட்டீர்கள்.

"எந்த ஊர் கா?"

"டொலார்ட்-டெஸ்-ஓர்மோ."

"அது வீடு. நான் கேட்டது ஊர்."

"சின்னனிலயே வந்திட்டம். அப்பா வடமராட்சி."

"வடமராட்சியில எங்க? ஆர்ட மகள்?"

சொன்னேன். சொல்லும்போது என் குரல் இறங்கியதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

"பயப்படாத. உங்கட ஆக்கள் ஊர் கேக்கிறது வேற காரியத்துக்கு. மட்டக்களப்பில நாங்க கேக்கிறது சோறு குடுக்க."

"பேந்தென்ன, நீங்கள் குடியும் கேப்பியள்," என்றேன். தாய் வழியாக வரும் உங்கள் குடிகளைப் பற்றி அப்போதுதான் வகுப்பில் வாசித்திருந்தேன். ஊரைக் கேட்டுச் சாதி அறியும் எங்கள் வழக்கத்தை ஒருவர் குத்திக்காட்டினால் திருப்பிக் குத்த ஏதாவது வேண்டுமே.

சிரித்தீர்கள். "கேப்பம். மறுகா கேப்பம். முதல்ல இதைச் சாப்பிடு."

பிறகு என்பதற்கு 'பேந்து' என்று நான் சொல்லும்போதெல்லாம் 'பேந்தாம் பேந்து' என்பீர்கள். அதையே 'மறுகா' என்று நீங்கள் சொல்லும்போது நான் சிரிக்கமாட்டேன். வயது அப்படி. நீங்கள் அக்கா.

*

உங்கள் கேள்வி எளிமையானது. கோட்-டெ-நெய்ஜ் பகுதியைச் சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளில் நிலம் துடைக்கும் எங்கள் பெண்களுக்குக் குப்பைப் பைக்குள் கிடக்கும் ஊசி குத்துகிறது. ஒருவரிடமும் சொல்கிறார்கள் இல்லை. ஏன்? சொல்லக்கூடிய ஒரு வழியை அவர்களோடு சேர்ந்தே உண்டாக்க முடியுமா?

அறக்கட்டளைக்கு அது பிடித்தது. பயன் உள்ள ஆய்வு. ஆனால் ஒரு பங்காளர் வேண்டும் என்றார்கள். ஆய்வின் முடிவைப் பயன்படுத்தப்போகும் ஒருவர். துப்புரவு வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த கம்பனி பங்காளராகச் சேர்ந்தது. அவர்களும் கொஞ்சம் காசு போட்டார்கள். காசு போட்டவர்கள் பதிவுகளைக் கேட்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. அப்போது அது வெறும் ஒரு வரி. நிதி கிடைக்காவிட்டால் உங்களுக்கு விசாவைப் புதுப்பிக்க வழியில்லை. அந்த வசந்தத்தில் எங்கள் கண் அங்கேதான் இருந்தது.

நிதி கிடைத்த கடிதம் வந்த அன்று மெற்றோ ரயில் நிலைய வாசலில் நின்று, மகளைக் கூப்பிடுவதுபோல 'மனே' என்று கூப்பிட்டு, என்னைக் கட்டிப்பிடித்தீர்கள். "உனக்கும் வேலை இருக்கு மனே. நான் கதைப்பன், நீ கேட்டு எழுது."

நீங்கள் வீடு வீடாகப் போனீர்கள். நான் கேட்டு எழுதினேன். காதில் ஹெட்போனும் காலடியில் நாடாவை நிறுத்தும் மிதியும்.

வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்று: வாசலிலேயே கருவியைப் போடு. நேர்காணல் தொடங்குமுன் மனிதர்கள் பேசுவதில்தான் எல்லாம் இருக்கும். நீங்கள் நல்ல மாணவி. செருப்பைக் கழற்றுமுன் பொத்தானை அழுத்திவிடுவீர்கள். எங்கள் சனம் என்ன செய்யும் என்று அந்தப் பாடத்தை எழுதியவருக்குத் தெரியாது. எந்த ஊர். எந்தப் பக்கம். ஆர்ட மகள். தாய் ஆர். எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயில், எந்தச் சேர்ச். அண்ணன் எங்கே, அக்காளை எங்கே கட்டிக் கொடுத்தது. இது முடியாமல் ஊசி பற்றி ஒரு வார்த்தை வராது. ஒவ்வொரு நாடாவிலும் முதல் கால் மணி நேரம் இதுதான்.

நான் பெயரை நீக்கினேன். ஊரை நீக்கினேன். பள்ளிக்கூடத்தை, கோயிலை நீக்கினேன். மிஞ்சியது இது: வாவிக்கரையில் தையல் கடை வைத்திருந்த மனிதரின் மூத்த மகள், கால் இயலாத மாமியோடு வந்து சேர்ந்தவள், இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றை இழந்தவள். பெயர் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே நிற்கும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அதையும் நீக்கினால் ஊசிக் கதை நிற்காது. ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணமே அந்த மாமிதான், அந்தப் பிள்ளைதான்.

*

பிறகு ஊசியக்காவின் நாடா வந்தது.

நாங்கள் வைத்த பெயர். இங்கேயும் அவருடைய உண்மைப் பெயரை எழுதமாட்டேன். கட்டைவிரலில் ஊசி குத்தி, நோய் தொற்றுமோ என்று ஆறு மாதம் தன் பிள்ளைகளைக் கூடக் கொஞ்சாமல் இருந்தவர். உங்களுக்குச் சிறு வயதிலேயே அவர் குடும்பத்தைத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை. நீங்கள் சட்டைகளுக்கு ஸ்திரி போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் காதிலிருந்ததைக் கழற்றினேன்.

"அக்கா, இதை ஒருக்காக் கேளுங்கோ."

கேட்டீர்கள். ஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தீர்கள்.

"தம்பியைப் பற்றிச் சொல்லுறா," என்றேன். "எங்க இருக்கிறார், ஆரோட இருக்கிறார், எல்லாம்."

"தம்பி இல்ல எண்டுதான் அகதி விசாரணையில சொன்னவ." உங்கள் குரல் சிறுத்துவிட்டது. "இங்க கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் அப்பிடிச் சொல்லச் சொன்னவனாம். எனக்கு அவவே மறுகா சொன்னா. இன்னும் முடிவு வரல்ல."

"நீங்கள்தான் கேக்கிறியள் அக்கா. தம்பி எங்கயெண்டு."

"நான் கேக்காம எப்பிடி மனே? தெரிஞ்ச பிள்ளை. கேக்காட்டி அவக்கு மனம் நோகும்."

நீங்கள் கட்டிலில் உட்கார்ந்தீர்கள். அந்தத் தம்பி இருந்த இயக்கத்துக்கு இங்கே தடை வந்த வருடம் அது. தம்பி என்ற சொல்லையே சனம் அக்கம்பக்கம் பார்த்துச் சொன்ன வருடம். நீங்கள் அன்று முதல் தடவையாக என்னிடம், "எனக்குப் பயமா இருக்கு கா," என்றீர்கள். அதுவரை பயப்படுகிறவள் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அழிப்போமா என்று கேட்டேன். அழித்தால் நிதி நிற்கும், நிதி நின்றால் விசா. யோசிப்போம் என்றீர்கள். யோசிப்பதற்குள் உங்கள் தலைவலி வெறும் தலைவலி இல்லை என்று தெரிந்தது.

*

நீங்கள் படுத்திருந்த ஆஸ்பத்திரி வார்டை ஊசியக்காதான் துடைத்தார். உங்களுக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. உங்கள் கட்டிலுக்குக் கீழே துடைப்பத்தை மிக மெதுவாக ஓட்டுவார். மேற்பார்வையாளர் கடந்து போனதும் உங்கள் காலை ஒருமுறை தொடுவார். பிறகு அடுத்த கட்டில்.

ஒருநாள் உங்களுக்குக் கஞ்சி பருக்கினேன். கை நடுங்கி உங்கள் கழுத்தில் ஊற்றிவிட்டேன். உங்களுக்கு அப்போது வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"பயமெண்டா பயப்படு," என்றீர்கள். "கை வேலையைச் செய்யட்டும்."

ஒலிநாடாக்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். கேட்க வாய் வரவில்லை. சாகப்போகிறவரிடம் இதைக் கேட்பதா என்று ஒன்று. கேட்டால் பதிலை நான் சுமக்கவேண்டும் என்று இன்னொன்று. பனி முழுதாக உருகுமுன் முடிந்துவிட்டது. உங்கள் அறையைக் காலி செய்ய வந்த நான் பையை மட்டும் என்னோடு எடுத்துவந்தேன்.

*

எனக்கு அந்த உதவித்தொகை வேண்டும். உங்களிடம் மறைத்து என்ன. அடுத்த பருவத்துக்கு எனக்கு வேறு வழி இல்லை. கற்பித்தல் உதவியாளர் வேலை முடிந்துவிட்டது. நிறுத்தினால் திரும்பி வருவேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

போன ஞாயிறு முருகன் கோயிலுக்குப் போகும்போது காருக்குள் அம்மாவிடம் கொஞ்சம் சொன்னேன். முழுக்க இல்லை.

"உனக்கேன் பிள்ளை உந்த வேலை? கேட்டதைக் குடுத்துப்போட்டு உன்ர படிப்பைப் பார்."

"சனத்தின்ர கதை அம்மா அது."

"இருக்கட்டும். ஒளிச்சா தேடுவாங்கள். தேடத் தொடங்கினா ஒண்டோட நிக்காது. வீட்டில ஒண்டையும் வைச்சிருக்காதை."

அப்பா வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். காருக்குள் எங்கள் மூன்று பேரையும் தவிர யாரும் இல்லை. கண்ணாடிகள் மூடியிருந்தன. அவர் கூட்டினார்.

ஒரு வழி யோசித்தேன். முதல் கால் மணி நேரத்தை மட்டும் அழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பது. தம்பி போய்விடுவார். ஊசி இருக்கும். ஒன்றைப் போட்டுக் கேட்டேன்.

நீங்கள் பேசினீர்கள்.

முதல் கால் மணி நேரத்தில்தான் நீங்கள் பேசுகிறீர்கள் அக்கா. கேலி செய்கிறீர்கள், தேத்தண்ணிக்கு இன்னும் சீனி கேட்கிறீர்கள், யாருடைய மாமனாரோ மாட்டு வண்டியிலிருந்து விழுந்த கதையைத் திருத்துகிறீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் நல்ல ஆய்வாளர். 'ம்' மட்டும்தான். மிச்சம் முழுவதும் 'ம்'. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் நீங்களும் இருக்கிறீர்கள். வேறு எங்கும் உங்கள் குரல் என்னிடம் இல்லை. உங்கள் அம்மாவிடமும் இல்லை.

நிறுத்திவிட்டேன். மறுபடி கேட்கப் பயம். அழிக்கப் பயம். கொடுக்கப் பயம். கொடுத்த பிறகு ஏதாவது ஒரு நாள் ஊசியக்காவுக்கு அகதி விண்ணப்பத்தை மறுத்து ஒரு கடிதம் வந்தால், அது இதனால்தானா என்று வாழ்க்கை முழுவதும் எனக்குத் தெரியாமலே போகும். அந்தத் தெரியாமைக்குத்தான் எல்லாவற்றையும் விடப் பயம்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. மதாம் என்னைக் கேட்கிறார். நான் பேராசிரியரைக் கேட்கிறேன், அம்மாவைக் கேட்கிறேன், செத்துப்போன உங்களைக் கேட்கிறேன். பேசியவர்களை யாரும் கேட்கவில்லை.

*

அத்தோடு எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். இப்போது திரும்பி வந்து எழுதுகிறேன்.

ஊசியக்கா வீடு மூன்று தெரு தள்ளித்தான். அவருடைய சின்னவன் கதவைத் திறந்தான். "பொன்ஜூர்," என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னான், என் தோளிலிருந்த பையைப் பார்த்து. அவனுக்குப் பின்னால் வந்த ஊசியக்காவும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது அவட பை."

"ஓம் அக்கா."

"உள்ளுக்கு வா. கதவைப் பூட்டு."

சொன்னேன். அறக்கட்டளை, கம்பனி, காப்பகம், எனக்கு வரப்போகும் உதவித்தொகை. ஒன்றையும் விடவில்லை. அவர் அடுப்பை அணைத்தார்.

"தம்பியைப் பற்றிச் சொன்னனானா?"

"ஓம்."

"எல்லாம்?"

"எல்லாம்."

"அவ கேட்டா. நான் சொன்னன்," என்றார், தனக்குத்தானே. "ஆரும் கேட்டுக் கன காலம். வாய் தானாச் சொல்லிப்போட்டுது."

பிள்ளைகளின் பழைய கசெட் ரேடியோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "ஒருக்காப் போடு. கேப்பம்."

போட்டேன். நீங்கள் செருப்பைக் கழற்றும் சத்தம். பிறகு உங்கள் குரல். "எங்க கா அவன், சைக்கிள் பழகேக்க என்னை இடிச்சுப்போட்டு, மன்னிப்பும் கேக்காம ஓடினவன்?" ஊசியக்கா சிரித்துவிட்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தன்னுடைய குரல் தொடங்கும் இடத்தில் நிறுத்தினார்.

"இதுக்குப் பிறகு நான். எனக்குத் தெரியும்." ரேடியோவைத் தன் பக்கம் திருப்பினார். "இதை அழிச்சா அவட குரல் போயிருமே."

"ஓம்."

"அவ இருந்தா என்ன சொல்லியிருப்பா?"

அழி என்று சொல்லியிருப்பா என்று சொல்ல நினைத்தேன். அது எனக்கு வசதி. "தெரியாது அக்கா," என்றேன்.

"எனக்குப் பயமா இருக்கு மனே."

"எனக்கும்தான்."

"உனக்கென்ன பயம்? நீ சிற்றிசன்."

"காசு நிண்டிடும். பேந்து ஏன் அழிச்சனீ எண்டு கேள்வி வரும்."

"பேந்தாம் பேந்து," என்றார் ஊசியக்கா.

அவரும் அதைக் கேட்டிருக்கிறார். உங்கள் வாயிலிருந்து. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நாடாவை முதலுக்குச் சுற்றினேன். பதிவுப் பொத்தானை அவரே அழுத்தினார். அழிக்கும்போது பேசக்கூடாது, பேசினால் அதுவும் பதியும். ஒரு பக்கம் ஓடி முடியும்வரை சமையலறையில் எதிரெதிரே இருந்தோம். குழாய் சொட்டியது. மற்ற அறையில் பிரெஞ்சுக் கார்ட்டூன். சின்னவன் வந்து ஜூஸ் கேட்டான். அவர் உதட்டில் விரலை வைத்தார். அவன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானும் ஒரு கதிரையில் ஏறிச் சத்தமில்லாமல் இருந்தான். சுழலும் சக்கரங்களைப் பார்த்தேன். சைக்கிள் போகிறது. செருப்புச் சத்தம் போகிறது. இப்போது அவர் போகிறார், தம்பியோடு. மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டேன்.

முடிந்ததும் நாடாவை அவரிடமே கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"மற்றவையிட்டயும் போவியா?"

"போவன். அவை சொல்லுறபடி."

"சாப்பிட்டிட்டுப் போ," என்றார். சாப்பிட்டேன். சாப்பிடும்போது அவர் என் அப்பாவின் ஊரைக் கேட்டார். ஆர்ட மகள் என்று கேட்டார். கருவி எதுவும் ஓடவில்லை. முழுவதும் சொன்னேன்.

உங்கள் குரல் ஒரு நாடாவில் குறைந்துவிட்டது அக்கா. இனியும் குறையும். பயம் குறையவில்லை. அதை வைத்துக்கொண்டே பொத்தானைத் தேடவும், நாடாவைத் திருப்பவும், சோற்றைப் பிசையவும் முடிகிறது. உங்களிடமிருந்து எனக்கு வந்தது அவ்வளவுதான் போல.

*

திங்கட்கிழமை காலை மதாமைக் கூப்பிட்டேன். எனக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். ஆனாலும் எழுதி வைத்து வாசித்தேன். நாடாக்களைத் தரமாட்டேன். உதவித்தொகையை வேறு ஒருவருக்குக் கொடுங்கள். ஏன் என்று கேட்டார். அதற்கு எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. பேசியவர்களிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. நான் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தார். அது நிற்கும்வரை காத்திருந்து தொலைபேசியை வைத்தேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக மெற்றோவுக்கு நடந்தேன்.